வெள்ளீயத்தில் ஒரு வெற்றி: நினைவுப் பதக்கங்களை இனங்காண்பதும் அவற்றின் அருமையை அளப்பதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1915 மே 7ஆம் நாள், அயர்லாந்துக் கரைக்கு அப்பால், லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். மியூனிக் நகரத்துப் பதக்கக் கலைஞர் கார்ல் கோட்ஸ் அதே ஆண்டில் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு பதக்கம் செய்தார். ஒரு புறம், பீரங்கிகளைச் சுமந்தபடி மூழ்கும் கப்பல். மறுபுறம், கப்பல் கம்பெனியின் பயணச்சீட்டு ஜன்னலுக்குள் எலும்புக்கூடு ஒன்று நின்று சீட்டு விற்கிறது. போர்ச் சரக்கையும் பயணிகளையும் ஒரே கப்பலில் ஏற்றிய வியாபாரப் பேராசையைக் கேலி செய்வதுதான் அவர் நோக்கம். ஆனால் தேதியை மே 5 என்று தவறாகப் பொறித்துவிட்டார்.

பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறைக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதை. "கப்பலை மூழ்கடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே பதக்கம் அடித்துக் கொண்டாடிவிட்டார்கள், பாருங்கள்" என்று பிரச்சாரம் நடத்த, அந்தப் பதக்கத்தை அப்படியே படியெடுத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, கூடவே ஒரு துண்டறிக்கையும் வைத்து, இரண்டரை லட்சம் அளவுக்கு விற்றார்கள். வந்த பணம் போர்க்கால அறப்பணிகளுக்குப் போயிற்று. கோட்ஸ் செய்த மூலப் பதக்கமோ ஐந்நூறுக்கும் குறைவு.

இன்று யாராவது ஒருவர் தாத்தாவின் பெட்டியிலிருந்து லூசிட்டானியா பதக்கம் எடுத்து வந்தால் அது பெரும்பாலும் அந்த இரண்டரை லட்சத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூலப் பதக்கத்தில் மாதத்தின் பெயர் ஜெர்மன் வழக்கப்படி 'மாய்' என்று இருக்கும். பிரிட்டிஷ் படியில் அது ஆங்கில 'மே' ஆகிவிட்டது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். பிழையைத் திருத்தி மே 7 என்று கோட்ஸ் பிறகு வெளியிட்டதும் உண்டு. ஆக ஒரே படம், ஒரே செய்தி, மூன்று வேறு பொருள்கள். "லூசிட்டானியா பதக்கம் அபூர்வமா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த லூசிட்டானியா பதக்கம் என்பது தெரிந்த பிறகுதான் அருமை, எளிமை என்ற பேச்சுக்கே இடம் உண்டு. பதக்கம் கையில் வந்ததும் எல்லோரும் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள்; நான் முதலில் பொருளைக் கேட்கச் சொல்கிறேன். இன்றைய பேச்சு முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதுதான்.

பொருளை எப்படிக் கேட்பது? படத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். பதக்கத்தின் இரண்டு முகங்களும் பேச வேண்டியதைப் பேசும்படி திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. விளிம்பை யாரும் அவ்வளவு கவனமாகத் திட்டமிடுவதில்லை. அதனாலேயே அது உண்மையைச் சொல்லிவிடும். அச்சில் அடித்த பதக்கத்தின் விளிம்பு சீராக, கூர்மையாக இருக்கும். அதை மணலில் பதித்து வார்த்து எடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி அரம் ராவிய தடம் தெரியும், எழுத்துகளின் முனை மழுங்கியிருக்கும், சமதளத்தில் குண்டூசி முனையளவு குழிகள் இருக்கும். இன்னொன்று: உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே மூலத்திலிருந்து அச்செடுத்து வார்த்த படி மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும்; படியிலிருந்து எடுத்த படி இன்னும் சிறியது. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பதக்கங்களை ஆராய்பவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் விட்டம் அளப்பது இதனால்தான். பிசனெல்லோ 1438ஐ ஒட்டிச் செய்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் பதக்கம் போன்றவை முதலிலேயே வார்ப்பு வேலைகள். அங்கே வார்ப்பு என்பது குற்றம் ஆகாது; எத்தனையாவது தலைமுறை வார்ப்பு என்பதே கேள்வி.

மூன்றாவது வகை மின்முலாம் படி. இரண்டு முகங்களையும் தனித்தனி மெல்லிய தகடாக எடுத்து, நடுவில் காரீயம் நிரப்பி ஒட்டியிருப்பார்கள். முகம் தத்ரூபமாக இருக்கும். விளிம்பில் ஓடும் ஒட்டுக் கோடு காட்டிக் கொடுக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி இப்படி நிறையப் படிகள் செய்தார். நேர்மையான மனிதர், விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவைத்தார். பின்னால் வந்த வியாபாரிகள் சிலர் அந்த எழுத்துகளை ராவி எடுத்ததும் நடந்தது.

விளிம்பைப் பற்றிப் பேசும்போது பாரிஸ் நாணயச்சாலையைத் தாண்டிப் போக முடியாது. பழைய அச்சுகளைப் பத்திரப்படுத்தி, கேட்டவர்களுக்கெல்லாம் மீண்டும் மீண்டும் அடித்துக் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. பதினான்காம் லூயி காலத்துப் பதக்கமும் நெப்போலியன் வெற்றிப் பதக்கமும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அங்கே விலைக்குக் கிடைத்தன. அவை போலிகள் அல்ல. அதே அச்சில், அதே சாலையில் அடித்தவை. காலம்தான் வேறு. நல்லவேளையாக 1832 முதல் அவர்கள் விளிம்பில் ஒரு சிறு சின்னம் குத்தத் தொடங்கினார்கள். முதலில் பழங்கால விளக்கு; 1841இல் நங்கூரம்; 1842இல் கப்பல் முகப்பு; 1845 முதல் 1860 வரை சுட்டும் கை; அதிலிருந்து 1879 வரை தேனீ; 1880 முதல் வளக்கொம்பு. இதில் தேனீ ஒரு பொறி. தேனீ நெப்போலியனின் அரசச் சின்னம் என்று பாதி படித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே நெப்போலியன் பதக்கத்தின் விளிம்பில் தேனீயைக் கண்டதும் "சந்தேகமே இல்லை, அவர் காலத்தது" என்று துள்ளுவார்கள். உண்மையில் அந்தத் தேனீதான் அந்தப் பதக்கம் அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாவது கழித்து அடிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி. புதுச்சேரியில் பழைய வீட்டுச் சாமான்களோடு பிரெஞ்சுப் பதக்கம் எதுவும் கண்ணில் பட்டால், உருப்பெருக்கிக் கண்ணாடியை முதலில் விளிம்பில் வையுங்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறத்தை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். பதக்கத்தைக் காற்றில் ஒருமுறையும், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் எடை பார்த்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். தங்கம் 19.3, காரீயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு கிட்டத்தட்ட 9, வெள்ளீயம் 7.3. தங்கமுலாம் பூசிய வெள்ளி தன்னைத் தங்கம் என்று தராசிடம் பொய் சொல்ல முடியாது. அலுமினியம் 2.7தான். அது மலிவானதே 1886க்குப் பிறகு. விக்டோரியா ராணியின் 1897 விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பதக்கங்களில் அலுமினியம் சகஜம். அதே உலோகத்தில் 1805ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்று வந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராமர், சீதை, அனுமன் உருவங்களோடு, '1818', 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்று பொறித்த செப்பு வில்லைகள் தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் எங்கும் சுற்றுகின்றன. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, 'ரைஸ் புல்லிங்' என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றிய வழக்குகள் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. சிலவற்றில் 'அரை அணா' என்று இருக்கும். அரை அணாச் செப்புக்காசு கம்பெனியின் பொது நாணய வரிசையில் வந்ததே 1835இல்தான். இதை அறிய தொல்லியல் படிப்பு வேண்டாம். நாணயப் பட்டியல் ஒன்று போதும்.

இனி இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சீரங்கப்பட்டணப் பதக்கம்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். பிரிட்டிஷ் ஜெனரல் ஹாரிஸின் படை பிப்ரவரியில் வேலூரிலிருந்துதான் புறப்பட்டது. அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெற்றியை நினைவுகூர கம்பெனி பதக்கம் அடிக்கத் தீர்மானித்தது. பர்மிங்காம் அருகில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலைக்கு வேலை போயிற்று. நீராவி எந்திரத்தால் நாணயம் அடிப்பதில் உலகுக்கே முன்னோடி அந்தச் சாலை. அச்சு வெட்டியவர் கான்ராட் ஹைன்ரிக் கூக்லர் என்ற ஜெர்மானியர்.

முகப்பில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் 'அஸதுல்லாஹில் காலிப்', வெல்லும் இறைச் சிங்கம் என்று பொறித்திருக்கிறது. இதில் உள்ள வினோதத்தைக் கவனியுங்கள். அந்தத் தொடர் ஹஸ்ரத் அலியைக் குறிப்பது. அதையே புலிமுகமாக வளைத்து எழுதித் தம் ஆயுதங்களில் முத்திரையிட்டவர் திப்பு. தோற்றவரின் முழக்கத்தை வென்றவர் தம் கொடியில் ஏற்றிக்கொண்டார். பின்புறத்தில் கோட்டை மேல் படை ஏறும் காட்சி, அதன் அடியில் பாரசீகத்தில் ஹிஜ்ரி 1213 என்ற ஆண்டு.

இந்தப் பதக்கத்தைப் படிநிலைப்படி பிரித்துக் கொடுத்தார்கள். தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த மேலதிகாரிகளுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி. கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி. ஹவில்தார், நாயக் போன்றோருக்கு வெண்கலநிறம் ஏற்றிய செம்பு. சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சோஹோவில் அடித்தவை: தங்கம் 30, முலாம் வெள்ளி 185, வெள்ளி 850, செம்பு 5,000, வெள்ளீயம் 45,000. இதோடு கல்கத்தா நாணயச்சாலையிலும் தனியாக அச்சு வெட்டித் தங்கத்தில் 83, வெள்ளியில் 2,786 அடித்தார்கள்.

இந்த எண்களை வைத்து மட்டும் அருமையை முடிவு செய்தால் தங்கம் முதலிடம், வெள்ளீயம் கடைசி. ஏலக் கூடமும் ஏறத்தாழ அப்படித்தான் கணக்குப் போடுகிறது. நான் அதை ஏற்கவில்லை, காரணங்களைச் சொல்கிறேன்.

வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சோஹோ வெள்ளி 850, கல்கத்தா வெள்ளி அதைவிட மூன்று மடங்குக்கு மேல். இரண்டையும் 'சீரங்கப்பட்டண வெள்ளிப் பதக்கம்' என்று ஒரே பெயரில் சொல்பவர்கள் உண்டு. அளவுகோல் இருந்தால் போதும்: சோஹோ 48 மில்லிமீட்டர், கல்கத்தா 45. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கல்கத்தாச் சிங்கத்தின் பிடரி கொஞ்சம் மொத்தை, கோட்டையின் கோடுகள் கொஞ்சம் தளர்வு. பொருளை இனங்காணாமல் எண்ணிக்கையைக் கேட்டால் 3,636 என்ற கூட்டுத்தொகைதான் பதிலாகக் கிடைக்கும். அந்தப் பதில் இரண்டு பதக்கங்களில் எதற்கும் பொருந்தாது.

அடுத்து வெள்ளீயம். நம் வீட்டு ஈயச் சொம்பு தெரியும் அல்லவா? ரசம் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் கண்ணெதிரே இளகிச் சரிந்துவிடும். அதே உலோகம்தான். 232 பாகையில் உருகிவிடும். நகத்தால் அழுத்தினால் கீறல் விழும். பதக்கத்தோடு நாடாவோ கொக்கியோ கொடுக்கப்படவில்லை. பெற்றவர்கள் அவரவர் வசதிப்படி வளையம் பற்றவைத்தோ துளையிட்டோ அணிந்தார்கள். வெள்ளியில் துளையிட்டால் அது நிற்கும். வெள்ளீயத்தில் துளை நாளடைவில் அகன்று விளிம்பே கிழியும். தங்கம் பெற்ற தளபதி அதைத் தோல்பெட்டியில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பேரப்பிள்ளைகள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்கள். சிப்பாயின் வீட்டில் கண்ணாடிச் சட்டம் ஏது? அடகு வைக்கக்கூட வெள்ளீயத்துக்கு மதிப்பு இல்லை. அடகு போகாததால் உருக்கப்படவும் இல்லை. மதிப்பு இல்லாததால் பாதுகாக்கப்படவும் இல்லை. 45,000 அடித்த ஒரு பொருள், கூக்லர் வெட்டிய கோடுகள் தெளிவாகத் தெரியும் நிலையில், இன்று எளிதில் கையில் சிக்காதது இந்தக் காரணத்தால்தான்.

எத்தனை அடித்தார்கள், எத்தனை எஞ்சின, எந்த நிலையில் எஞ்சின என்று மூன்று எண்கள் இருக்கின்றன. பட்டியல்கள் முதல் எண்ணைத் தருகின்றன, ஏனென்றால் அதுதான் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சேகரிப்பாளர்களின் அருமைக் குறியீடுகள் இரண்டாவது எண்ணைத் தர முயல்கின்றன. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் ஷெல்டன் அளவில் எட்டாம் படி என்றால் மூன்றுக்கு மேல் தெரியவில்லை என்று பொருள். ஏழாம் படி நான்கு முதல் பன்னிரண்டு. ஐந்தாம் படி முப்பத்தொன்று முதல் எழுபத்தைந்து. 'தெரிந்தவை' என்பதைக் கவனியுங்கள். ஏலத்திலும் அருங்காட்சியகத்திலும் பதிவானவை மட்டும் அதில் அடக்கம். திருநெல்வேலியிலோ வேலூரிலோ ஒரு குடும்பத்தின் மரப்பெட்டியில் கிடப்பது எந்தப் படியிலும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியப் பதக்கங்களுக்கு ராபர்ட் படஸ்டர் 2002இல் வெளியிட்ட பெரும் பட்டியல் அருமை மதிப்பீட்டோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்த மதிப்பீடுகள் சந்தைக்கு வந்ததை வைத்துப் போட்டவை என்ற நினைவோடு.

எண்ணிக்கை குறைந்திருந்தும் இனங்காணல் இல்லாவிட்டால் ஏமாறும் கதைக்கு இலங்கைப் பதக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 1795–96இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கடற்கரையைக் கம்பெனி கைப்பற்றியது. அதற்கான பதக்கம் கல்கத்தாவில் அடிக்கப்பட்டது. தங்கத்தில் இரண்டு, வெள்ளியில் 121. வங்காளப் பீரங்கிப் படையின் ஒரு சிறு பிரிவுக்கு மட்டுமே அது கிடைத்தது. படம் கிடையாது; ஒரு பக்கம் ஆங்கில வாசகம், மறுபக்கம் பாரசீக வாசகம். மொத்தமே 123 என்றதும் வாய் பிளப்பீர்கள். ஆனால் அந்த அச்சுகள் அழிக்கப்படவில்லை. பிற்காலத்தில் அவற்றிலிருந்து மீண்டும் அடித்தார்கள். அச்சு பல ஆண்டுகள் கிடந்தால் துருப்பிடிக்கும். துருவின் குழி பதக்கத்தில் மேடாக, வேர்க்குரு போல, விழும். அச்சில் விரிசல் கண்டால் பதக்கத்தில் மெல்லிய புடைப்புக் கோடு ஓடும். ஒன்றில் விரிசல் சிறிதாகவும் இன்னொன்றில் நீண்டும் இருந்தால் எது முந்தியது என்று தேதி இல்லாமலே சொல்லிவிடலாம். அழுக்கே படாத, தேய்மானமே இல்லாத, கண்ணாடி போல் பளபளக்கும் இலங்கைப் பதக்கத்தைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

பெயர் பொறிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் தரப்பினருக்கும் கொடுத்து, பெற்றவர் பெயரை எந்திரத்தால் விளிம்பில் குத்தித் தந்த முதல் பிரிட்டிஷ் அரசுப் பதக்கம் 1815 வாட்டர்லூ. சீரங்கப்பட்டணப் பதக்கத்தில் பெயர் இல்லை. 1911 டெல்லி தர்பார் பதக்கம் வெள்ளியில் இருபத்தாறாயிரத்துக்கும் மேல் அடிக்கப்பட்டு, அதுவும் பெயரில்லாமலே வழங்கப்பட்டது. ஆகவே இவற்றில் பெயர் இருந்தால் அது பெற்றவரோ குடும்பத்தாரோ பின்னால் தட்டானிடம் கொடுத்துப் பொறித்தது. உண்மையானால் வரலாற்று ஆவணம். விலை ஏற்றப் பொறித்ததானால் மோசடி. எழுத்துப் பள்ளத்தில் படிந்த கறுப்பு சுற்றுப்புறத்தின் கறுப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயரோடு வழங்கப்பட்ட பதக்கங்களில் பழைய பெயரை ராவிப் புதுப்பெயர் போட்டிருந்தால் விட்டம் இம்மியளவு குறைந்திருக்கும்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள்: பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, எலுமிச்சை, கடையில் விற்கும் பித்தளைப் பசை எதுவும் வேண்டாம். நூறாண்டுக்கு மேற்பட்ட பதக்கம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். படம் எடுக்கும்போது இரண்டு முகங்களோடு விளிம்பையும் எடுங்கள். எடை, விட்டம், கனம் மூன்றையும் எழுதிவையுங்கள். இவ்வளவு செய்தால் உங்கள் குறிப்பு நூலகத்துக்குத் தகுதியானது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தளபதிகளின் தங்கப் பதக்கங்கள் எங்கே போயின என்று லண்டனில் எழுதிவிட்டார்கள். வெள்ளீயம் பெற்ற சென்னைச் சிப்பாய்கள் எந்தெந்தப் படைப்பிரிவினர், பதக்கப் பெட்டிகள் எப்போது வந்து இறங்கின, எந்த முகாமில் பிரித்துக் கொடுத்தார்கள், இறந்துபோனவர்களின் பங்கை யார் வாங்கினார்கள் என்று நம் பக்கத்திலிருந்து யாரும் கோவையாக எழுதவில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்தின் இராணுவத் துறைத் தொகுதிகள் இருக்கின்றன. 1799க்குப் பிந்தைய பத்தாண்டுத் தொகுதிகளிலிருந்து தொடங்கலாம்.